தடயவியல் மைனர்: நான் படிச்சதும், அம்மா கேட்டதும்



போன எபிசோடின் கடைசியில் கிரேட் 12 படிக்கிற ஒரு தங்கச்சி அனுப்பின வாய்ஸ் நோட்டைப் போட்டோம், ஞாபகம் இருக்கா? "நான் கம்ப்யூட்டர் சயன்ஸுக்குத்தான் போகப் போறன். அதோட தடயவியலை மைனரா எடுத்தா ஏதும் பிரயோசனம் இருக்கா? அது டிவி பார்த்து வந்த ஆசை எண்டு அப்பா சொல்றார்." நான் இரண்டு நிமிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு எடிட் பண்ணும்போது கேட்டால், ஒன்றுமே சொல்லவில்லை என்று தெரிந்தது. அதனால் இந்தக் கிழமை நியூஸ்லெட்டர் முழுக்க அந்தப் பதில்தான்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு வேறொரு கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. 2025 ஆகஸ்ட். யாழ்ப்பாணத்தில் செம்மணிப் புதைகுழியில் கிடைத்த பொருட்களைச் சனங்கள் வந்து பார்த்து அடையாளம் சொல்வதற்காக வைத்திருந்தார்கள். ஸ்காபரோவில் எங்கட சமையலறையில் அம்மா ஃபோனை மேசையில் வைத்து, அந்தப் படங்களை இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தா. அம்மாவின் தம்பி, என் மாமா, 1996-இல் ஒரு நாள் சைக்கிளில் வெளியே போனவர். திரும்பி வரவில்லை. நான் அவரைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டா: "பிள்ளை, நீ உதுதானே படிச்சனீ? என்ர டிஎன்ஏயைக் குடுத்தா அவங்களால கண்டுபிடிக்க ஏலுமோ?"

மைனர் எடுக்கலாமா என்ற கேள்விக்கும் அம்மாவின் கேள்விக்கும் நான் தரும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் சின்னதில் இருந்து தொடங்குகிறேன்.

மைனர் என்றால் எவ்வளவு?

ரொறன்ரோ பல்கலைக்கழகக் கணக்கில் பார்த்தால், பட்டம் முழுக்க 20 கிரெடிட். அதில் மைனர் என்பது பொதுவாக 4 கிரெடிட், அதாவது எட்டு அரை வருடக் கோர்ஸ். பட்டம் எடுக்க ஒரு ஸ்பெஷலிஸ்ட், அல்லது இரண்டு மேஜர், அல்லது ஒரு மேஜரும் இரண்டு மைனரும் வேண்டும். நான் மூன்றாவது வழியில் வந்த ஆள். மேஜர் கம்ப்யூட்டர் சயன்ஸ், இரண்டு மைனரில் ஒன்று தடயவியல்.

எங்கட பக்கத்தில் இந்தப் பாடத்துக்கு நல்ல இடங்கள் இருக்கு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்தில் 1994-இல் தடயவியல் புரோகிராம் தொடங்கியது. கனடாவிலேயே அந்த வகையில் முதலாவது அதுதான். ஒஷாவாவில் ஒன்ராறியோ டெக், பீற்றர்பரோவில் ட்ரென்ட், சட்பரியில் லோரன்ஷியன் ஆகியவையும் தடயவியல் படிப்பிக்கின்றன. எந்த இடத்தில் எதை மேஜராக, எதை மைனராக எடுக்கலாம் என்பது வருடா வருடம் மாறும். அதனால் அண்ணா சொன்னார், அக்கா சொன்னா என்று நம்பாமல் அந்த வருடத்து கலண்டரை நீங்களே திறந்து பாருங்கள். முதல் வருடத்தில் பயோலஜி, கெமிஸ்ட்ரி எடுக்காதவர்களுக்குப் பல கோர்ஸ்கள் பூட்டியே இருக்கும். நான் அதைக் கவனிக்காமல் ஒரு கோடை முழுக்க கெமிஸ்ட்ரியோடு கழித்தேன்.

எட்டுக் கோர்ஸில் ஒருவரும் தடயவியல் நிபுணர் ஆகமாட்டார்கள். அது மைனரின் வேலையும் இல்லை. எந்தெந்தத் துறை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிய வைப்பதுதான் அதன் வேலை.

உள்ளே என்ன இருக்கு?

அறிமுகக் கோர்ஸ் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடும். சம்பவ இடத்தைப் பதிவு செய்வது, இரத்தமும் டிஎன்ஏயும், நஞ்சும் போதைப்பொருளும், கைரேகை, துப்பாக்கி, எலும்பு, பிறகு நீதிமன்றம். 1910-இல் பிரான்ஸின் லியோன் நகரில் பொலிஸுக்கென்று ஒரு ஆய்வுகூடம் திறந்த எட்மண்ட் லொகார்டின் எண்ணத்தில் இருந்துதான் வகுப்பு தொடங்கும். இரண்டு பொருட்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஏதோ ஒன்று போகும் என்பது அவருடைய எண்ணம். உங்கட சோபாவில் உட்கார்ந்து எழும்புகிற ஆளின் உடுப்பில் உங்கட பூனையின் மயிர் இருக்கும், அதுதான்.

கோட் எழுதுகிறவர்களுக்குச் சுவையான பகுதி டிஜிட்டல் தடயவியல். ஒரு லப்டொப்பைச் சான்றாக எடுத்தால் அதை நேரே ஆன் பண்ணிப் பார்க்கக் கூடாது. ஆன் பண்ணினாலே நூற்றுக்கணக்கான ஃபைல்களின் நேரம் மாறிவிடும். ரைட் பிளாக்கர் என்ற சின்னப் பெட்டியை இடையில் வைத்து, டிரைவில் ஒன்றும் எழுதாமல் பிட் பிட்டாக நகல் எடுப்பார்கள். பிறகு மூலத்துக்கும் நகலுக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் போடுவார்கள். உள்ளே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்து முழுக்க வேறாகிவிடும். இரண்டு வருடம் கழித்து வழக்கறிஞர் "இது அதே ஃபைல்தானா?" என்று கேட்டால், ஹாஷைத் திரும்பப் போட்டுக் காட்டலாம்.

இரத்தத்துக்கும் எலும்புக்கும் அப்படி ஒரு ஹாஷ் இல்லை. அங்கே இருப்பது ஒரு தாள். யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, எந்தப் பையில் போட்டது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, யார் முத்திரையை உடைத்தது என்று ஒவ்வொரு கைமாற்றமும் அதில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்பில் லொக் ஃபைலை அலட்சியமாகப் பார்த்த எனக்கு, அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் லொக் எதற்கு என்று விளங்கியது.

பிழைகளைப் படிப்பது

என்னைப் பிடித்து வைத்த கோர்ஸ் கொலைகளைப் பற்றியது இல்லை, தடயவியல் பிழைத்த கதைகளைப் பற்றியது. அதுக்கு நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. ஒன்ராறியோவிலேயே மூன்று பெரிய விசாரணைகள் நடந்திருக்கின்றன.

முதலாவது கை போல் மோரின். 1984-இல் ரொறன்ரோவுக்கு வடக்கே குவீன்ஸ்வில்லில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருவர் கொலை செய்யப்பட்டார். பக்கத்து வீட்டு இளைஞர் மோரினை அடுத்த வருடம் கைது செய்தார்கள். 1986-இல் விடுதலையானார். பிறகு மறுவிசாரணை நடந்து 1992-இல் குற்றவாளி என்று தீர்ப்பு. சிறுமியின் சங்கிலியில் இருந்த ஒரு மயிர் மோரினுடையதைப் போல இருக்கு என்பதும், நூலிழைகள் பொருந்துகின்றன என்பதும் அவருக்கு எதிரான சான்றுகளில் முக்கியமானவை. 1995-இல் டிஎன்ஏ சோதனை அவர் இல்லை என்று காட்டியது. 1998-இல் வந்த கோஃப்மன் ஆணைக்குழு அறிக்கை 119 பரிந்துரைகளைச் செய்தது. மயிரும் இழையும் உண்மையில் சொன்னதைவிட அதிகமாகச் சொன்னதாகக் காட்டப்பட்டது, ஆய்வுகூடத்துக்குள்ளேயே இழைகள் கலந்திருந்தன, அது தெரிந்தும் வெளியே சொல்லப்படவில்லை என்றெல்லாம் அதில் இருக்கு. 2020 ஒக்டோபரில், குடும்ப மரபியல் முறையால் அந்த டிஎன்ஏ யாருடையது என்று ரொறன்ரோ பொலிஸ் அறிவித்தது. அந்த ஆள் 2015-இலேயே இறந்துவிட்டார்.

இரண்டாவது சார்ள்ஸ் ஸ்மித். குழந்தைகளின் மரணங்களை ஆராய்ந்த மருத்துவர். அவருடைய அறிக்கைகளை நம்பிப் பெற்றோரும் உறவினரும் குற்றம் சாட்டப்பட்டார்கள். வில்லியம் மலின்ஸ்-ஜோன்சன் என்பவர் தன் மருமகளைக் கொன்றதாக 12 வருடம் சிறையில் இருந்து, 2007-இல் விடுதலையானார். பிறகு பார்த்தால் கொலைக்கான சான்றே அங்கே இருக்கவில்லை. அவர் சம்பந்தப்பட்ட 45 சாவுகளை வெளி நிபுணர்கள் மீளப் பார்த்தபோது 20-இல் பிரச்சினை இருந்தது. நீதிபதி ஸ்டீவன் கூஜின் விசாரணை அறிக்கை 2008 ஒக்டோபரில் வந்தது.

மூன்றாவது எனக்கு மிக நெருக்கமாகப் பட்டது, ஏனென்றால் அது ஒரு 'டெக்' பிழை. மதரிஸ்க் என்ற ஆய்வுகூடம், ரொறன்ரோவின் சிக்கிட்ஸ் மருத்துவமனையில். 2005 முதல் 2015 வரை 16,000-க்கு மேற்பட்ட ஆட்களின் தலைமயிரை, 24,000-க்கும் அதிகமான மாதிரிகளை, குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளுக்காக அங்கே சோதித்தார்கள். தாய் போதைப்பொருள் எடுக்கிறாவா என்று பார்க்க. பல வருடமாக அங்கே பயன்பட்டது முதற்கட்டச் சல்லடைச் சோதனை. அது "இருக்கலாம்" என்று மட்டும் சொல்லும். உறுதி செய்ய மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி போன்ற இரண்டாவது முறை வேண்டும். அதைச் செய்யாமலே எண்கள் நீதிமன்றத்துக்குப் போயின. 2015 டிசம்பரில் நீதிபதி சூசன் லாங், இந்தச் சோதனைகள் அந்த வேலைக்குப் போதாதவை, நம்ப முடியாதவை என்று எழுதினார். பிறகு வந்த பீமன் ஆணைக்குழு 1,200-க்கு மேற்பட்ட வழக்குகளைப் பார்த்து, 56-இல் இந்த முடிவுகள் தீர்ப்பைக் கணிசமாகப் பாதித்தன என்று 2018-இல் சொன்னது. பிள்ளைகளைப் பிரித்துத் தத்துக் கொடுத்த குடும்பங்களும் அதில் இருக்கு.

நாங்கள் மெஷின் லேர்னிங் வகுப்பில் "ஃபோல்ஸ் பொசிட்டிவ் ரேட்" என்று ஸ்லைடில் எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போவோம். இங்கே அது ஒரு தாயின் பெயர்.

நிபுணரின் கண்ணும் ஏமாறும்

2006-இல் இட்டியல் ட்ரோர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் ஒரு சின்னப் பரிசோதனை செய்தார்கள். அனுபவமுள்ள ஐந்து கைரேகை நிபுணர்களை எடுத்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் முன்பு "பொருந்துது" என்று சொன்ன ரேகைகளையே திரும்பக் கொடுத்து, "இது எஃப்பிஐ பிழைவிட்ட பிரபல வழக்கின் ரேகை" என்று சொன்னார்கள். 2004 மாட்ரிட் குண்டுவெடிப்பில் ஒரு அமெரிக்க வழக்கறிஞரைப் பிழையாகப் பிடித்த வழக்கு அது. ஐந்து பேரில் ஒருவர் மட்டும் பழைய முடிவில் நின்றார். மூன்று பேர் "பொருந்தவில்லை" என்றார்கள். ஒருவர் "சொல்ல முடியாது" என்றார். ரேகை மாறவில்லை, அவர்கள் காதில் விழுந்த கதைதான் மாறியது.

இதோடு சேர்த்து ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பரீட்சையில் நான் பிழைவிட்ட கணக்கு இது. ஒரு டிஎன்ஏ வடிவம் பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும் என்று வைப்போம். "அப்ப இவர் நிரபராதியா இருக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான்" என்று சொல்லத் தோன்றும். ரொறன்ரோ நகரத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர். அப்படியானால் அந்த வடிவம் இந்த நகரத்திலேயே சுமார் மூன்று பேருக்கு இருக்கலாம். வேறு சான்று ஒன்றும் இல்லாவிட்டால் அவர் மூவரில் ஒருவர், அவ்வளவுதான். இரண்டு கூற்றும் கேட்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் முதலாவது பிழை. மைனர் எடுக்கிறவர்கள் கட்டாயம் ஒரு புள்ளியியல் கோர்ஸும் எடுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே எடுக்கலாம்.

சட்டக் கோர்ஸையும் தவறவிடாதீங்க. நிபுணர் ஒருவர் கோர்ட்டில் எப்போது பேசலாம் என்பதற்கு கனடாவில் அடிப்படை 1994-இல் வந்த மோகன் வழக்குத் தீர்ப்பு. அவர் சொல்வது வழக்குக்குச் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும், நீதிபதிக்கோ ஜூரிக்கோ அது தேவையாக இருக்க வேண்டும், அதை விலக்கும் வேறு விதி இருக்கக் கூடாது, அவருக்குத் தகுதி இருக்க வேண்டும். ஒரு அல்காரிதத்தை யாராவது "எக்ஸ்பர்ட்" என்று கொண்டுவந்தால் இந்த நாலு கேள்வியையும் அதுக்கும் கேட்டுப் பாருங்கள்.

வேலை கிடைக்குமா?

அப்பாமார் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வி. கனடாவில் அரச தடயவியல் ஆய்வுகூட அமைப்புகள் மூன்றுதான். ஆர்சிஎம்பியினுடையது, ஒன்ராறியோவின் சென்டர் ஒஃப் ஃபொரன்ஸிக் சயன்ஸஸ், மொன்ரியலில் கியூபெக்கினுடையது. ஒன்ராறியோ ஆய்வுகூடம் நோர்த் யோர்க்கில், மோர்ட்டன் ஷுல்மன் அவெனியூவில் இருக்கு. 401-இல் போகும்போது பக்கத்தால் போயிருப்பீங்க. இடங்கள் குறைவு, போட்டி கூட. அங்கே போக விரும்பினால் கெமிஸ்ட்ரியோ பயோலஜியோ முழுப் பட்டமாக வேண்டும், மைனர் போதாது. டிவியில் காட்டுகிற மாதிரி சம்பவ இடத்துக்குப் போய்ப் படம் எடுத்து ரேகை தூக்குவது இங்கே பெரும்பாலும் பொலிஸ் அதிகாரிகளின் வேலை. அதுக்கு முதலில் பொலிஸில் சேர வேண்டும்.

ஆனால் கம்ப்யூட்டர், கணக்கியல், சைகொலஜி, சட்டம் படிக்கிறவர்களுக்கு இந்த மைனர் ஒரு நல்ல பக்கவாத்தியம். வங்கிகளின் மோசடிப் பிரிவு, சைபர் தாக்குதல் நடந்த பிறகு என்ன நடந்தது என்று தேடும் குழுக்கள், இன்சூரன்ஸ், சட்ட நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் சான்று தேடிக் கொடுப்பவர்கள் என்று பல இடங்களில் "சான்றைக் கெடுக்காமல் தொடத் தெரிந்த ஆள்" தேவை. என் முதல் இன்டர்வியூவில் கோடிங்கைப் பற்றிப் பத்து நிமிடம், அந்தக் கைமாற்றத் தாளைப் பற்றி இருபது நிமிடம் கதைத்தோம்.

இனி அம்மாவின் கேள்வி

செம்மணியைப் பற்றி இங்கே பிறந்த எங்களில் பலருக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். 1998-இல் கிருஷாந்தி குமாரசாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒரு இராணுவச் சிப்பாய், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999-இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. பிறகு கால் நூற்றாண்டு அமைதி. 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணைக் கிண்டியபோது எலும்புகள் வெளியே வந்தன. நீதிமன்ற உத்தரவில் நடந்த அகழ்வில் செப்டெம்பருக்குள் 200-க்கு மேற்பட்ட என்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. அதில் சிறுவர்களும் உண்டு. நீல நிறப் பள்ளிப் பை ஒன்றும் இருந்தது.

அம்மாவுக்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

டிஎன்ஏ இரண்டு இடத்தில் இருக்கு. செல்லின் கருவில் இருப்பது அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி. ஒரு செல்லுக்கு ஒரு தொகுதிதான், அதனால் பழைய எலும்பில் சீக்கிரம் சிதைந்துவிடும். மற்றது மைட்டோகொண்ட்ரியாவில் இருப்பது. சின்னது, 16,569 எழுத்துத்தான். ஆனால் ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள். அதனால் ஈர மண்ணில் முப்பது வருடம் கிடந்த எலும்பிலும் பல்லிலும் கிடைக்க வாய்ப்புக் கூட. இது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும். அம்மம்மாவின் மைட்டோகொண்ட்ரியல் டிஎன்ஏதான் மாமாவிடமும் அம்மாவிடமும் இருந்தது. என்னிடமும் இருப்பது அதுதான்.

அதைச் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அது ஒன்றே போதாது. தாய்வழியில் ஒரே கொடியில் வந்த எல்லாருக்கும் அது ஒன்றுதான். உறவே இல்லாதவர்களுக்கும் சிலவேளை ஒத்துப்போகும். "இவர் இல்லை" என்று சொல்ல அது வலிமையானது. "இவர்தான்" என்று சொல்லக் கருவின் டிஎன்ஏயும் வேண்டும். அங்கே சகோதரத்தைவிடப் பெற்றோரின் மாதிரி மிகப் பலமானது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாதி கட்டாயம் ஒத்துப்போகும். அக்காவுக்கும் தம்பிக்கும் சராசரியாகப் பாதி பொதுவாக இருக்கும், ஆனால் எந்தப் பாதி என்பது அதிர்ஷ்டம். அதனால் எங்கட வீட்டில் மிகப் பெறுமதியான மாதிரி அம்மாவினது இல்லை. பக்கத்து அறையில் படுத்திருந்த 83 வயது அம்மம்மாவினது.

இதை முதலில் விளங்கிக்கொண்டது வேறொரு நாட்டு அம்மம்மாக்கள். ஆர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காணாமல் ஆக்கப்பட்டார்கள். பாட்டிமார் விஞ்ஞானிகளைத் தேடிப் போய், "எங்கட இரத்தத்தை வைத்துப் பேரப்பிள்ளையைக் கண்டுபிடிக்க ஏலுமா?" என்று கேட்டார்கள். மேரி-கிளெயர் கிங் என்ற அமெரிக்க மரபியலாளர் உதவினார். 1987-இல் அவர்களின் மாதிரிகளைச் சேமிக்க ஒரு தேசிய வங்கியே சட்டமாக வந்தது. அந்தப் பாட்டிமாரில் பலர் இப்போது இல்லை. மாதிரிகள் இருக்கு. 130-க்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவில் காணாமல் போன சுமார் 40,000 பேரில் 70 சதவீதத்துக்கு மேலானோருக்குக் கணக்குக் கிடைத்ததற்கும் இப்படிக் குடும்பங்களின் இரத்த மாதிரிகள்தான் பெரிய காரணம்.

ஏமாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2018-இல் மன்னாரில் ஒரு கட்டட நிலத்தில் 300-க்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. ஆறு மாதிரிகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அனுப்பி ரேடியோகார்பன் சோதனை செய்தார்கள். 2019 மார்ச்சில் வந்த பதில்: 15 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை. காத்திருந்த குடும்பங்கள் பலருக்கு அதை ஏற்க முடியவில்லை. விஞ்ஞானம் நாங்கள் எதிர்பார்க்கும் பதிலைத் தரும் என்று ஒரு உறுதியும் இல்லை. அது எந்த மாதிரி, எத்தனை மாதிரி, எந்த இடத்தில் எடுத்தது என்று கேட்கத் தெரிந்திருப்பதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு.

ரொறன்ரோவிலும் இதே பாடம் இருக்கு. 2018-இல் சேர்ச்-வெல்லஸ்லி பகுதித் தொடர்கொலை வழக்கில் கொல்லப்பட்ட எட்டுப் பேரில் இரண்டு பேர் ஈழத்தமிழர். குடும்பங்களை நினைத்துப் பெயர்களை எழுதவில்லை. ஒருவர் 2010-இல் சன் சீ கப்பலில் வந்தவர். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவர். அவரைக் காணவில்லை என்று ஒருவரும் பொலிஸில் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் பொலிஸ் அவருடைய படத்தையே வெளியிட்டுத்தான் யார் என்று கண்டுபிடித்தார்கள். தேடுகிறோம் என்று ஒருவர் பதிவு செய்யாவிட்டால், எவ்வளவு நல்ல ஆய்வுகூடமும் ஒப்பிட ஒன்றுமில்லாமல் நிற்கும்.

வீட்டில் இப்போதே செய்யக்கூடியது

அம்மாவின் அடுத்த கேள்வி: "அப்ப கடையில விக்கிற அந்த கிட்டை வாங்கி அனுப்புவமோ?" வேண்டாம் என்றேன். அந்த கிட்டுகள் வேறு விதமான டிஎன்ஏ குறிகளைப் பார்க்கின்றன. யார் துப்பினது என்பதற்குக் கைமாற்றத் தாளும் இல்லை. 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் 69 லட்சம் பேரின் தகவல் களவு போனது. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டது. காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பம் யார் யார் என்ற பட்டியல் சாதாரணத் தகவல் இல்லை. யார் வைத்திருப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள், திரும்பக் கேட்டால் அழிப்பார்களா என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகுதான் மாதிரி கொடுக்க வேண்டும்.

அதுவரை எந்த ஆய்வுகூடமும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கு. எலும்பை ஆராய்பவர்கள் டிஎன்ஏக்கு முதலே கேட்பது உயிரோடு இருந்தபோதைய விவரங்களைத்தான். உயரம், வயது, எந்தக் கை வாக்கு, பல் கட்டியிருந்ததா, எலும்பு முறிந்ததா, கடைசியாக என்ன உடுத்தியிருந்தார். சின்ன வயதில் முறிந்த எலும்பு வளரும்போது தடமில்லாமல் ஆறிவிடலாம். வளர்ந்த பிறகு முறிந்தது தெரிய வாய்ப்புக் கூட.

நாங்கள் மூவரும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தோம். நான் கேட்டேன், அம்மா எழுதினா, ஃபோனில் குரலும் பதிவானது. உயரம் அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. பழைய படத்தில் கதவு நிலையோடு நின்றவர், அந்தக் கதவு இன்னும் ஊரில் இருக்கு, அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். பல்லைப் பற்றிக் கதைக்கும்போது அதுவரை பேசாமல் இருந்த அம்மம்மா சொன்னா: "இடப்பக்கத் தோளெலும்பு. சைக்கிளால விழுந்தவன், பத்தொன்பது வயசு. எனக்குச் சொல்லாமப் போய்க் கட்டுப் போட்டவன். குளிக்கேக்க கண்டனான்." கழுத்தடியில் தொட்டுக் காட்டினா. காறை எலும்பு. அம்மாவுக்கே அது தெரியாது.

அந்தத் தாளில் திகதி போட்டு, மூவரும் கையெழுத்து வைத்து, இரண்டு பிரதி எடுத்தோம். ஒலிப்பதிவுக்கு நான் ஹாஷ் போட்டு வைத்தேன். அம்மா சிரிச்சா, ஆனால் அதையும் தாளின் அடியில் எழுதச் சொன்னா.

மாமா செம்மணியில் இருக்கிறாரா என்று எனக்குச் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய நாள் வரும்போது கொடுக்க எங்களிடம் ஒரு தாள் இருக்கு.

தங்கச்சி, இதுதான் என் பதில். மைனரை எடுங்கோ. புள்ளியியலையும் சட்டத்தையும் அதோடு சேர்த்து எடுங்கோ. டிவியில் இருந்து வந்த ஆசை என்றால் என்ன, எனக்கும் அங்கிருந்துதான் வந்தது. அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கோ. அவருக்கும் கேட்க ஒரு கேள்வி இருக்கலாம்.

உங்கட வீட்டிலும் இப்படி ஒரு தாள் எழுத வேண்டியிருந்தால் அம்மம்மா, அப்பம்மா, தாத்தா இருக்கும்போதே உட்காருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் இந்த மெயிலுக்கு ரிப்ளை பண்ணுங்க, நான் பயன்படுத்திய கேள்விப் பட்டியலை அனுப்புகிறேன். வீட்டுக் கதைகளை எங்களுக்கு எழுத வேண்டாம், அவை உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும்.

அடுத்த எபிசோட் வியாழன் வரும். குடும்ப மரபியலும் பொலிஸும் பற்றி இன்னும் கொஞ்சம் கதைப்போம்.

வாறன்.